கம்பெனி சொன்ன விலைக்குக் கீழே விற்றால் கடைக்காரர் மீது வழக்குப் போட முடியுமா?

ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. 4,500 ரூபாய். கடைக்காரர் அதைக் கம்பெனியின் மொத்த விநியோகஸ்தரான ஸ்டாக்கிஸ்டிடம் 3,300 ரூபாய்க்கு வாங்குகிறார். எந்தக் கடையும் 3,900 ரூபாய்க்குக் கீழே விற்கக்கூடாது என்று கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பண்டிகை நேரம், கூட்டம் வரவேண்டும் என்று கடைக்காரர் 3,600 ரூபாய்க்கு விற்கிறார். பத்து நாளில் கம்பெனியின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது.

கடைக்காரர் கேட்கும் கேள்வி நியாயமானது: “நான் சரக்கு வாங்கினது ஸ்டாக்கிஸ்டிடம். பணம் கொடுத்ததும் அவருக்குத்தான். கம்பெனிக்கும் எனக்கும் என்ன ஒப்பந்தம் இருக்கிறது?”

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழப்பமெல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டுவதால் வருகிறது.

1. விலை நிபந்தனையை மீறியதற்காக வழக்குப் போடும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறதா? இது ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வி.
2. அப்படி ஒரு நிபந்தனையைப் போடவே சட்டம் அனுமதிக்கிறதா? இது சந்தையில் போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்தின் கேள்வி.

முதல் கேள்வியில் கம்பெனி ஜெயித்து இரண்டாவதில் தோற்கலாம். முதலாவதிலேயே தோற்றுவிட்டால் இரண்டாவதற்குப் போகவேண்டிய தேவையே வராமலும் போகலாம். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சரக்கு ஒன்று, ஒப்பந்தம் மூன்று

மிக்ஸி கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டிடம் வருகிறது, அங்கிருந்து கடைக்கு, கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு. பொருள் ஒன்றுதான். ஆனால் அது கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு தனி விற்பனை ஒப்பந்தம் நடந்திருக்கிறது. கம்பெனி–ஸ்டாக்கிஸ்ட் ஒன்று, ஸ்டாக்கிஸ்ட்–கடை ஒன்று, கடை–வாடிக்கையாளர் ஒன்று.

ஒரு ஒப்பந்தத்தின் உரிமையும் கடமையும் அதைச் செய்துகொண்ட தரப்பினரோடு நின்றுவிடும், வெளியாள் அதை வைத்து வழக்குப் போட முடியாது, வெளியாள் மீது அதைச் சுமத்தவும் முடியாது என்பது பொது விதி. சட்டம் படித்தவர்கள் இதைப் ‘பிரிவிட்டி’ என்பார்கள். தமிழில் ‘ஒப்பந்தத் தரப்புறவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும்: மறுபயன். ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக எதிர்ப்பக்கத்திலிருந்து கிடைப்பது மறுபயன். நான் மிக்ஸி தருகிறேன் என்கிறேன், நீங்கள் பணம் தருகிறேன் என்கிறீர்கள். என் வாக்குக்கு உங்கள் பணம் மறுபயன். மறுபயன் இல்லாத வெறும் வாக்குறுதியை, சில விதிவிலக்குகள் போக, நீதிமன்றம் ஒப்பந்தமாக ஏற்காது.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு கம்பெனியை எப்படிக் கைவிட்டன என்பதற்கு நூறாண்டு தாண்டிய ஒரு டயர் வழக்கை விடத் தெளிவான உதாரணம் இல்லை.

டன்லப்பும் செல்ஃப்ரிட்ஜும்

இங்கிலாந்தின் டன்லப் கம்பெனி தன் டயர்களுக்கு ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியல் விலை சந்தையில் உடையக்கூடாது என்பது அதன் கவலை. 1911 அக்டோபரில் டியூ என்ற மொத்த வியாபாரியோடு ஒப்பந்தம் போட்டது. டியூவுக்குக் கழிவு உண்டு. பதிலுக்கு டியூ பட்டியல் விலைக்குக் கீழே விற்கக்கூடாது. மற்ற வியாபாரிகளுக்கு வேண்டுமானால் கழிவு தரலாம், ஆனால் அவர்களும் பட்டியல் விலைக்குக் கீழே விற்க மாட்டோம் என்று எழுதித் தரவேண்டும். அதை டன்லப்பின் முகவராக நின்று டியூ வாங்கித் தரவேண்டும்.

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1909-இல் திறந்த செல்ஃப்ரிட்ஜ் கடை, டியூவிடம் டயர் வாங்கியது. 1912 ஜனவரியில் அப்படி ஒரு உறுதிமொழியும் எழுதித் தந்தது. விலை மீறி விற்கும் ஒவ்வொரு டயருக்கும் டன்லப்புக்கு 5 பவுண்டு தருவோம் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. அப்புறம் இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பட்டியல் விலைக்குக் குறைவாக டயர் தர ஒப்புக்கொண்டது. டன்லப் வழக்குப் போட்டது.

செல்ஃப்ரிட்ஜ் தன் கையால் எழுதித் தந்திருக்கிறது. யாருக்கு 5 பவுண்டு என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது. முதல் நீதிமன்றம் டன்லப் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 1915-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை டன்லப் தோற்றதை உறுதிசெய்தது.

லார்ட் சான்ஸலராக, அதாவது நீதித்துறையின் தலைவராக இருந்த ஹால்டேன் பிரபு சொன்ன காரணங்களைப் படிப்படியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

1. ஒப்பந்தத்தின் தரப்பாக இருப்பவர் மட்டுமே அதன் பேரில் வழக்குப் போட முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒப்பந்தம் டியூவுக்கும் செல்ஃப்ரிட்ஜுக்கும் இடையில்.
2. முத்திரையிட்ட பத்திரமாக இல்லாத ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கேட்பவர், தானே மறுபயன் தந்திருக்க வேண்டும்.
3. முகவர் மூலம் ஒப்பந்தம் செய்யலாம். அப்படியானால் டியூ டன்லப்பின் முகவராகக் கையெழுத்து வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: டன்லப் செல்ஃப்ரிட்ஜுக்கு என்ன தந்தது?

இந்த மூன்றாவது படியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. டயர்கள் டன்லப்பிடமிருந்து வந்தவைதான். ஆனால் செல்ஃப்ரிட்ஜுக்கு விற்றபோது அவை டியூவின் சொத்து. கழிவு தந்ததும் டியூ. பணம் போனதும் டியூவுக்கு. டன்லப்பிடமிருந்து செல்ஃப்ரிட்ஜுக்கு எதுவும் போகவில்லை. அதனால் டன்லப்பைத் தரப்பாக ஏற்றுக்கொண்டாலும் அதன் கை வெறுங்கை.

டியூவே வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் குறைந்த விலையில் டயர் வாங்கியதால் டியூவுக்கு நேரடியாக என்ன நஷ்டம்? செல்ஃப்ரிட்ஜ் போன்ற பெரிய கடையைப் பகைத்துக்கொள்ள எந்த மொத்த வியாபாரிக்கு மனசு வரும்? உரிமை உள்ளவருக்கு அக்கறை இல்லை, அக்கறை உள்ளவருக்கு உரிமை இல்லை. விநியோகச் சங்கிலி நீளும் தொழில் எதிலும் இந்த நிலை வரும்.

தீர்ப்பில் பங்கேற்ற டூனடின் பிரபுவுக்கே இந்த முடிவு உவப்பாக இல்லை. தெரிந்தே செய்த ஒரு பேரத்தை, அதிலும் அநியாயமில்லாத ஒன்றை, ஒருவர் உதறிவிட்டுப் போக இந்த மறுபயன் கோட்பாடு வழிசெய்கிறதே என்ற வருத்தத்தை எழுதியே வைத்தார். எனக்கும் அவர் வருத்தம் சரியென்றே படுகிறது. விலைக்கட்டுப்பாடு கெட்டது என்று தோன்றினால் அதை அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடி செய்வது நேர்மையான வழி. இந்த வழக்கில் அந்தக் கேள்வியை யாரும் தொடவே இல்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொரு வழக்கைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். நியூ கராஜ் என்ற வியாபாரி, முகவர் மூலமாக என்றாலும், டன்லப்போடேயே விலை ஒப்பந்தம் செய்திருந்தார். அதிலும் மீறலுக்கு 5 பவுண்டு. அதே கம்பெனி, அதே தொகை. அந்தத் தொகை தண்டனையா, முன்கூட்டியே மதிப்பிட்ட நஷ்ட ஈடா என்பது மட்டுமே அங்கே வாதமாக இருந்தது. நஷ்ட ஈடுதான் என்று 1914-இல் தீர்ப்பாகி டன்லப் ஜெயித்தது. ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பாக நின்றது கம்பெனியா, நடுவில் இருந்தவரா என்ற ஒரு வித்தியாசம் இரண்டு வழக்குகளையும் எதிரெதிர்த் திசையில் கொண்டுபோனது.

பெட்டியிலேயே நிபந்தனையை அச்சடித்துவிட்டால் வேலை முடிந்ததா? 1904-இல் ஒரு புகையிலைக் கம்பெனி அதையும் முயன்றது. பாக்கெட்டோடு நிபந்தனை ஒட்டிக்கொண்டு போகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலம் யார் கைக்குப் போனாலும் அதோடு ஓடும் நிபந்தனைகள் உண்டு. சரக்கோடு அப்படி ஓடாது.

அங்கே சட்டமன்றம் என்ன செய்தது

1956-இல் இங்கிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. உற்பத்தியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை உடைக்கும் கடையைத் தண்டிப்பதைத் தடைசெய்தது. ஆனால் தனி ஒரு உற்பத்தியாளர், நிபந்தனை தெரிந்தே சரக்கு வாங்கிய கடைக்காரர் மீது, நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம் என்றது. டன்லப் 1915-இல் கேட்டுக் கிடைக்காதது 41 வருடம் கழித்துக் கிடைத்தது. அது 8 வருடம்தான் நிலைத்தது. 1964-இல் வந்த மறுவிற்பனை விலைச் சட்டம், விதிவிலக்குப் பெற்ற பொருள்கள் போக மற்றவற்றுக்குக் குறைந்தபட்ச விலை கட்டுவதையே தடுத்துவிட்டது. அதை நிறைவேற்றக் கடுமையாக முயன்றவர் அப்போது அமைச்சராக இருந்த எட்வர்ட் ஹீத்.

ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவர் வழக்குப் போடக்கூடாது என்ற விதியை 1999-இல் வந்த இன்னொரு சட்டம் தளர்த்தியது. ஒப்பந்தமே அவருக்கு உரிமை தருவதாகச் சொன்னால் அவர் வழக்குப் போடலாம். ஆனால் இன்று அதை வைத்துக்கொண்டு டன்லப் திரும்பி வந்தாலும், இரண்டாவது கேள்வியில் சிக்கும்.

இந்தியாவில்: 1882-இன் சென்னைத் தீர்ப்பு

இங்கே ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 2(d) பிரிவு, வாக்குறுதி பெற்றவர் ‘அல்லது வேறு எவரும்’ மறுபயன் தரலாம் என்கிறது. ஆங்கிலச் சட்டத்திலிருந்து இது பெரிய விலகல்.

இதற்கு எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னயா எதிர் ராமய்யா. ஒரு மூதாட்டி தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். தன் உடன்பிறப்புக்கு மகள் ஆண்டுதோறும் 653 ரூபாய் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதே நாளில், அப்படித் தருகிறேன் என்று அந்த உறவினருக்கே மகள் தனியாக எழுதியும் கொடுத்தார். பிறகு தர மறுத்தார். “நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே, மறுபயன் எங்கே?” என்பது அவர் வாதம். மறுபயன் உன் அம்மாவிடமிருந்து வந்தது, அது போதும் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, இந்தியாவில் வெளியாள் யாரும் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த உறவினருக்கு மகள் நேரடியாக எழுதிக்கொடுத்திருந்தார். அவர் மறுபயனுக்குத்தான் அந்நியர், ஒப்பந்தத்துக்கு அந்நியர் இல்லை. ஒப்பந்தத்துக்கே அந்நியரானவர் வழக்குப் போட முடியாது என்ற விதி இந்தியாவிலும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் எம்.சி. சாக்கோ எதிர் திருவாங்கூர் ஸ்டேட் பேங்க் வழக்கில் உறுதிசெய்திருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு:

1. ஒருவர் நலனுக்காக அறக்கட்டு, அதாவது டிரஸ்ட், உருவாக்கப்பட்டிருந்தால் அவர் கேட்கலாம்.
2. திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்ப ஏற்பாடுகளில் பயன்பெற வேண்டியவர் கேட்கலாம்.
3. கடன்பட்டவர் அந்த மூன்றாம் ஆளிடமே ‘உனக்குத் தரவேண்டியது உண்மை’ என்று ஒப்புக்கொண்டிருந்தால் கேட்கலாம்.
4. உரிமை முறைப்படி மாற்றித் தரப்பட்டிருந்தால் பெற்றவர் கேட்கலாம்.
5. முகவர் மூலம் ஒப்பந்தம் நடந்திருந்தால், முகவரை வைத்தவர் கேட்கலாம்.

நம் மிக்ஸிக் கடைக்காரர் கவனிக்கவேண்டியது ஐந்தாவது. டன்லப் முகவர் வாதத்தில் விழுந்தது மறுபயன் இல்லாததால். இந்தியாவில் அந்தத் தடை இல்லை. ஸ்டாக்கிஸ்ட் கொடுத்த கழிவே ‘வேறு எவரும்’ தந்த மறுபயனாக நிற்கும். ஆகவே கடைக்காரர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் “கம்பெனியின் சார்பாக” ஸ்டாக்கிஸ்ட் உறுதிமொழி பெறுகிறார் என்று இருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின்படி கம்பெனிக்கு இங்கே டன்லப்பை விட வலுவான பிடி கிடைக்கும் என்பது என் கணிப்பு. வெறும் பில் மட்டும் இருந்து, சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்தப் பிடி இல்லை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது கேள்வி: நிபந்தனையே செல்லுமா

விற்பவர், தன்னிடம் வாங்கியவர் மறுபடி விற்கவேண்டிய விலையையும் கட்டிவைப்பதை ‘மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். 1969-இன் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிகமுறைச் சட்டமே இந்தியாவில் குறைந்தபட்ச மறுவிற்பனை விலை நிபந்தனைகளைச் செல்லாதவை ஆக்கியது. அதன் இடத்தில் வந்த 2002-இன் போட்டிச் சட்டம் 3(4)(e) பிரிவில் இதைக் கையாள்கிறது. இந்தப் பிரிவு 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டம் மூலத்தில் தந்த விளக்கத்தில் ஒரு வரி முக்கியம். விற்பவர் குறித்த விலையில்தான் மறுபடி விற்கவேண்டும் என்ற நிபந்தனை இதில் வரும், ‘அதைவிடக் குறைந்த விலைக்கும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் ஒழிய’. அதாவது மேல் வரம்பு போடுவதில் சிக்கல் இல்லை. கீழ் வரம்புதான் சிக்கல்.

எம்.ஆர்.பி.யை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சட்டமுறை எடையளவு விதிகளின்படி பொட்டலத்தில் அச்சிடவேண்டிய உச்ச விலை. அதற்கு மேல் விற்பது குற்றம். அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் எம்.ஆர்.பி. விதியை மீறியதாகாது. “எம்.ஆர்.பி.யில் கை வைக்காதே” என்று சேல்ஸ்மேன் மிரட்டுவதற்கு அந்த விதியில் ஆதாரம் இல்லை.

ஆனால் கீழ் வரம்பு போட்ட உடனேயே கம்பெனி குற்றவாளி ஆகிவிடாது. இந்தியச் சந்தையில் போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கிறது, அல்லது பாதிக்க வாய்ப்பிருக்கிறது என்று காட்டவேண்டும். புதியவர்கள் நுழையத் தடையா, போட்டியாளர் விரட்டப்படுகிறாரா, நுகர்வோருக்கு ஏதாவது நன்மை சேர்கிறதா என்றெல்லாம், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையம் எடைபோடும்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ஒரு ஷோரூம் ஆள் வைத்து, மிக்ஸியை ஓட்டிக்காட்டி, மாவு அரைத்துக் காட்டி விளக்குகிறது. வாடிக்கையாளர் எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தச் செலவு எதுவும் செய்யாத அடுத்த கடையில் 300 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு போகிறார். இப்படியே போனால் விளக்கிக் காட்டும் கடை இருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-இல் டாக்டர் மைல்ஸ் என்ற மருந்துக் கம்பெனி வழக்கில் கீழ் வரம்பை அடியோடு சட்டவிரோதம் என்றது. இந்த வகை வாதங்களை ஏற்று 2007-இல் லீஜின் வழக்கில் 5–4 என்ற பிளவோடு அந்த விதியைக் கைவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்றது.

மிக்ஸிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். சோப்புக்கும் பற்பசைக்கும் யார் விளக்கிக் காட்டுகிறார்கள்? அங்கே கீழ் வரம்பு, விலை குறைக்கத் தயாராக இருக்கும் சின்னக் கடைக்காரரின் கையைக் கட்டிவிட்டு நுகர்வோரைக் கூடுதலாகச் செலவழிக்க வைக்கிறது. அதற்கு ஈடாக யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

கார் டீலர்கள் பட்ட பாடு

இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டவை இரண்டும் கார் வழக்குகள். ஹூண்டாய் தன் டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டியதாகச் சொல்லி 2017-இல் போட்டி ஆணையம் 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் ஆதாரங்களைத் தானே ஆராயவில்லை என்று 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்துசெய்தது. 2021 ஆகஸ்டில் மாருதி சுஸுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம். அதை எதிர்த்து மாருதி மேல்முறையீடு செய்தது.

மாருதி உத்தரவில் ஆணையம் விவரிக்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாடிக்கையாளர் போல வேடமிட்ட ஆட்களை ஏஜென்சி மூலம் ஷோரூம்களுக்கு அனுப்புவார்கள். எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள் என்று பேச்சுக் கொடுத்துப் பதிவுசெய்துகொள்வார்கள். அனுமதித்ததை விட அதிகம் தந்தால் டீலருக்கு அபராதம். அங்கே வேலைபார்க்கும் விற்பனை ஊழியருக்கும் மேலாளருக்கும்கூடத் தனித்தனியே அபராதம்.

இதில் தரப்புறவுப் பிரச்சினையே கிடையாது. டீலர் கம்பெனியோடு நேரடி ஒப்பந்தம் உள்ளவர். 1914-இன் நியூ கராஜ் போல, ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கம்பெனியின் கை ஓங்கியிருக்கும். வழக்கு வந்தது முழுக்க இரண்டாவது கேள்வியில்.

வழக்குப் போடாமலே நெருக்கினால்

நடைமுறையில் கம்பெனிகள் சின்னக் கடைக்காரர் மீது வழக்குப் போடுவது அரிது. ஸ்டாக்கிஸ்டுக்கு ஒரு போன் போதும்: “அந்தக் கடைக்குச் சரக்குப் போடாதே.” அடுத்த லோடு வராது, ஸ்கீமில் வரவேண்டிய கிரெடிட் நோட் நின்றுபோகும். தரப்புறவு விதியால் இங்கே கடைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. அதே விதி அவருக்கு எதிராகவும் திரும்புகிறது. கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்குத் தந்த வாக்குறுதிகளை வைத்து அவர் சரக்குக் கேட்க முடியாது.

இங்கேயும் போட்டிச் சட்டம்தான் வரவேண்டும். யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்துவது ‘விற்க மறுத்தல்’ என்ற பெயரில் 3(4)(d) பிரிவில் வருகிறது. போட்டி பாதிக்கப்படுகிறது என்று காட்டவேண்டிய சுமை இதற்கும் உண்டு.

அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட ஒப்பந்தத் தரப்பாக இருக்கவேண்டியதில்லை. 19-ஆவது பிரிவு, ‘எந்த நபரும்’ கட்டணம் செலுத்தி ஆணையத்துக்குத் தகவல் தரலாம் என்கிறது. தகவல் தருபவருக்குச் சொந்தமாக நஷ்டம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை என 2020 டிசம்பரில் சமீர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கடைக்காரர் போகலாம், ஸ்டாக்கிஸ்ட் போகலாம், 300 ரூபாய் அதிகம் கொடுத்து மிக்ஸி வாங்கியவரும் போகலாம். ஆணையம் தானாகவும் விசாரணையைத் தொடங்கலாம். மாருதி விசாரணை அப்படித்தான் தொடங்கியது, டீலர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பெயர் போடாமல் அனுப்பிய ஒரு மின்னஞ்சலை வைத்து.